முதுகலைமாணிப் பட்டமும் அதன் தேவைப்பாடுகளும்: வேலணையிலிருந்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கிற் பரந்து கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் எனவும், புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும் அவர்களின் ஏடுகளிற் குறிக்கப்பட்டன. வேலணை, சரவணை, புளியங்கூடல், நாரந்தனை, கரம்பன், ஊர்காவற்றுறை, அல்லைப்பிட்டி முதலிய ஊர்களை உள்ளடக்கிய தீவுக்கு அவர்கள் இட்ட பெயர் லைடன் என்பதாகும். ஒல்லாந்து நாட்டின் மிகப் பழைய பல்கலைக்கழகம் 1575ஆம் ஆண்டு லைடன் நகரிலேயே நிறுவப்பட்டது. சோழர்காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகள் ஆய்வாளரிடையே ‘லைடன் செப்பேடுகள்’ என வழங்குவதற்கும் அவை அப்பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தமையே காரணமாகும். பல்கலைக்கழக நகரொன்றின் பெயரைத் தாங்கிய இத்தீவிலிருந்து உயர்கல்வியை நாடுவோர் பண்ணைக் கடலைக் கடந்தே செல்லவேண்டியிருந்தது. இன்றும் அந்நிலையே.

இப்பெயர்ப் பொருத்தத்திலிருந்து பெரிய முடிபெதனையும் பெற நாம் முற்படவில்லை. ஒரு பட்டத்தின் தேவைப்பாடுகளைப் பற்றிப் பேசும்போது அத்தேவைப்பாடுகள் யாரை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டன என்ற வினாவும் உடன் எழவேண்டும் என்பதற்காகவே வேலணையை எமது நோக்குநிலையாகக் கொண்டோம். முதுகலைமாணிப் பட்டம் இன்று பரவலாக நாடப்படுகிறது. பாடசாலை ஆசிரியர், அதிபர், நிருவாக உத்தியோகத்தர் எனப் பலரும் அதற்கு விண்ணப்பிக்கின்றனர். ஆயின் அப்பட்டம் எதனைக் கோருகிறது, அதன் வகைகள் எவை, எவ்வகை எந்த வாயிலைத் திறக்கும், எதனைத் திறவாது என்பன பற்றித் தெளிவான விளக்கம் விண்ணப்பதாரரிடையே குறைவாகவே உள்ளது. பணத்தையும் காலத்தையும் செலவிட்டு முடித்த பின்னரே பலர் அவ்வேறுபாட்டை அறிந்துகொள்கின்றனர்.

முதலிற் பெயரை நோக்குவோம். ஐரோப்பிய மத்தியகாலப் பல்கலைக்கழகங்களில் ‘மாஜிஸ்ரர்’ என்ற இலத்தீன் சொல் ஆசிரியனைக் குறித்தது. அப்பட்டம் கற்பிப்பதற்கான உரிமத்தோடு பிணைந்திருந்தது. அதனைப் பெற்றவன் ஆசிரியர் குழாத்துள் ஒருவனாக ஏற்றுக்கொள்ளப்பட்டான். கைவினைஞர் கூட்டங்களிற் பயிலுநன் ஒருவன் தேர்ச்சி பெற்றுத் தனித் தொழிலாளியாகும் முறைக்கும் இதற்கும் நெருங்கிய ஒப்புமை உண்டு. காலப்போக்கிற் பொருள் தேய்ந்து பெயர் மட்டும் எஞ்சிய இடங்களும் உள. ஒக்ஸ்போட்டிலும் கேம்பிரிட்ஜிலும் இளங்கலைப் பட்டம் பெற்றவர் குறித்த சில ஆண்டுகள் கழிந்தபின், மேலதிகப் பரீட்சை எதுவுமின்றி, முதுகலைப் பட்டத்தைப் பெற்றுக்கொள்ளலாம். ஸ்கொத்லாந்தின் பழைய பல்கலைக்கழகங்களிற் கலைத்துறையின் முதற்பட்டமே அப்பெயரால் அழைக்கப்படுகிறது. ஆகவே பெயரைக்கொண்டு தரத்தை அளவிடுதல் எக்காலத்தும் பொருத்தமன்று.

தமிழில் நாம் வழங்கும் சொல் இதற்கு நேர்மாறான திசையிற் செல்கிறது என்பது கவனிக்கத்தக்கது. ‘மாணி’ என்பது மாணாக்கனை, பிரமசாரியைக் குறிப்பது. கலைமாணி, முதுகலைமாணி, முதுதத்துவமாணி என்ற சொற்களை ஆக்கியோர் ஆசிரியன் என்ற பொருளை விடுத்து மாணவன் என்ற பொருளையே நிலைநிறுத்தினர். இலத்தீன் பெயர் ‘நீ ஆசிரியனாயினாய்’ என்கிறது. தமிழ்ப் பெயர் ‘நீ முதிர்ந்த மாணவனாயினாய்’ என்கிறது. திட்டமிட்டுச் செய்தனரோ அல்லரோ, தமிழ்ச் சொல்லே இப்பட்டத்தின் உண்மையான தன்மைக்கு அண்மையில் நிற்கிறதென்பது எமது கருத்து.

இப்பட்டம் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1921இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டபோது அது இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் தோன்றிப் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என்ற தேர்வுகளை நடத்தலாயிற்று. இவ்விரு வழிகளுக்கும் இடையே நின்றது ஆங்கிலம். ஆங்கிலப் பாடசாலையிற் கட்டணஞ் செலுத்திப் பயிலும் வசதி பெற்றோர் முதல்வழியை நாடினர். சுயமொழிப் பாடசாலையிற் கற்றுச் சுயமொழி ஆசிரியராகிய கிராமத்து இளைஞருக்குப் பண்டிதத் தேர்வே எட்டக்கூடியதாயிருந்தது. அத்தேர்வு எளிதானதன்று. இலக்கணத்திலும் இலக்கியத்திலும் அது வேண்டிய பயிற்சி அக்காலப் பட்டதாரிகள் பலரிடம் இருந்ததில்லை. எனினும் சம்பளத்திலும் சமூக மதிப்பிலும் பண்டிதருக்கும் பட்டதாரிக்கும் இடையிலான இடைவெளி பெரிதாயிருந்தது. அறிவின் அளவன்று, அறிவு எம்மொழியில் எங்கே பெறப்பட்டது என்பதே அவ்விடைவெளியைத் தீர்மானித்தது.

இவ்விரு உலகங்களையும் ஒருங்கே அறிந்தோர் சிலர் இத்தீவிலிருந்து தோன்றினர். வேலணையைச் சேர்ந்த கா. பொ. இரத்தினம் தமிழாசிரியராகவும் பின்னர் 1970, 1977 தேர்தல்களில் ஊர்காவற்றுறைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். பல்கலைக்கழகப் பட்டங்கள் பெற்றிருந்தும் பண்டிதர் என்ற அடைமொழியே அவரது பெயருடன் ஒட்டி நின்றது. அதே தீவின் கரம்பனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகளின் வரலாறு எமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அவர் உரோமாபுரியில் இறையியல் பயின்று, கார்த்தேஜ் நகரத்துக் குருமார் பற்றிய ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். தென்பாண்டி நாட்டு வடக்கன்குளத்திற் பாடசாலையிற் கற்பித்த காலத்தில் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். 1945இல், முப்பது வயதைக் கடந்த நிலையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். கலாநிதிப் பட்டம் பெற்றுவிட்ட ஒருவர் மீண்டும் வகுப்பறைப் பலகையில் அமர்ந்தார் என்பதே ‘மாணி’ என்ற சொல்லுக்கு நல்ல விளக்கமாகும்.

அண்ணாமலையில் அவர் பெற்ற பட்டங்கள் இரண்டு. ஒன்று பாடங்களைக் கற்றுப் பரீட்சை எழுதிப் பெறும் முதுகலைப் பட்டம். மற்றது எம்.லிட். எனப்பட்ட, ஆய்வேட்டை அடிப்படையாகக் கொண்ட பட்டம். பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தைப் பிறமொழிப் பழம் இலக்கியங்களுடன் ஒப்புநோக்கிய அவ்வாய்வு 1950களில் நூலாக வெளிவந்தது. திருத்திய வடிவம் 1966இல் வேறு தலைப்பில் வெளியிடப்பட்டது. முதலாவது பட்டத்தின் விடைத்தாள்களை இன்று எவரும் தேடுவதில்லை. இரண்டாவதன் விளைவோ சங்க இலக்கிய ஆய்விற் பல ஆண்டுகள் பயன்பட்டு வந்துள்ளது. பரீட்சையை இழித்துரைப்பதற்காக இதனைக் கூறவில்லை. முதலாவதின்றி இரண்டாவது இயன்றிராது. ஒரே பெயரின் கீழ் நாம் இன்று வழங்கும் பட்டத்தினுள் இவ்விரு வேறு தன்மைகளும் அடங்கியுள்ளன என்பதைக் காட்டவே கூறினோம்.

இன்றைய விதிகளுக்கு வருவோம். இலங்கையில் 2012இல் வகுக்கப்பட்டு 2015இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம் கல்வித் தகைமைகளைப் பன்னிரண்டு மட்டங்களாகப் பிரிக்கிறது. பொதுக் கலைமாணிப் பட்டம் 5ஆம் மட்டத்திலும், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டத்திலும் வைக்கப்பட்டுள்ளன. 7ஆம், 8ஆம் மட்டங்கள் முறையே பட்டப்பின் சான்றிதழுக்கும் பட்டப்பின் தகைமைச் சான்றிதழான டிப்ளோமாவுக்கும் உரியவை. 9ஆம் மட்டம் பாடநெறிகளால் மட்டும் பெறப்படும் முதுமாணி; அதற்கு 30 அலகுகள் வேண்டும். 10ஆம் மட்டம் பாடநெறிகளோடு ஆய்வையும் கொண்ட முதுமாணி. அதற்கு 60 அலகுகள், அவற்றுட் குறைந்தது 15 ஆய்வுக்குரியவை. 11ஆம் மட்டத்தில் ஆய்வையே அடிப்படையாகக் கொண்ட முதுதத்துவமாணி. 12ஆம் மட்டத்திற் கலாநிதி. ஆக, 9ஆம் மட்டத்தவரும் 10ஆம் மட்டத்தவரும் தம் பெயரின் பின்னே இடும் எழுத்துகள் ஒன்றாக இருக்கலாம், பட்டங்கள் ஒன்றல்ல.

இங்கு அலகு என்பது கிரெடிற் எனப் பேச்சுவழக்கில் அறியப்படுவது. அதன் உட்பொருளை விளங்கிக்கொண்டாலன்றி இப்பட்டத்தின் தேவைப்பாட்டை விளங்கிக்கொள்ள முடியாது. கற்பிக்கப்படும் பாடநெறியில் ஓரலகு என்பது மாணவர் செலவிடுவரெனக் கருதப்படும் 50 மணித்தியாலக் கற்றலுக்குச் சமமாகும். ஆய்வில் ஓரலகு குறைந்தது 100 மணித்தியாலத்துக்குச் சமம். விரிவுரை வடிவிலமைந்த பாடநெறியின் ஓரலகுக்கு விரிவுரை மண்டபத்திற் கழியும் நேரம் பெரும்பாலும் 15 மணித்தியாலமே. எஞ்சிய 35 மணித்தியாலம் நூலகத்திலும் வீட்டிலும் மாணவர் தாமாகச் செலவிடவேண்டியது. விதிநூல் இம்மணித்தியாலங்களை எண்ணிக் கணக்கிற் சேர்க்கிறது. ஆனால் அவை உண்மையிற் கிடைத்தனவா என எவரும் பார்ப்பதில்லை.

வேலணைப் பாடசாலையொன்றிற் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 60 அலகு கொண்ட முதுமாணி நெறியை மேற்கொள்கிறார் எனக் கொள்வோம். பாடநெறி அலகுகள் 45. அவை 2,250 மணித்தியாலம். ஆய்வலகுகள் 15, அவை 1,500 மணித்தியாலம். மொத்தம் 3,750. இரண்டு ஆண்டுகளில், அதாவது 104 வாரங்களில், முடிப்பதாயின் வாரமொன்றுக்கு ஏறத்தாழ 36 மணித்தியாலம் வேண்டும். சனி, ஞாயிறு இரு நாளும் ஆறு ஆறு மணித்தியாலம் வகுப்பு நடந்தாலும் அது 12 மணித்தியாலமே. மீதி 24 மணித்தியாலம் வார நாட்களின் மாலையிலும் இரவிலுமிருந்து எடுக்கப்படவேண்டும். அவ்வாசிரியை வேலணையிலிருந்து பேருந்தேறி அல்லைப்பிட்டி, பண்ணை வழியாக நகரை அடைந்து, அங்கிருந்து வேறு பேருந்திற் பல்கலைக்கழகத்தை அடையவேண்டும். பிள்ளைகளின் கவனிப்பு, முதியோர் பராமரிப்பு, நல்ல தண்ணீர் எடுத்தல் முதலிய வேலைகள் எந்த அலகிலும் சேர்க்கப்படுவதில்லை. நயினாதீவிலோ நெடுந்தீவிலோ கற்பிப்பவராயின் குறிகாட்டுவான் துறையில் வள்ளத்துக்குக் காத்திருக்கும் நேரமும் கூடும்.

இக்கணக்கை நாம் இரக்கத்தைத் தூண்டுவதற்காக இடவில்லை. தேவைப்பாட்டின் சமூக அடிப்படையை இதுவே துலக்கமாகக் காட்டுகிறது. எல்லோருக்கும் ஒரே விதி என்பது தோற்றத்திற் சமத்துவமாகும். ஆயின் 3,750 மணித்தியாலத்தைத் தன் வாழ்விலிருந்து ஒதுக்கக்கூடியவர் யார்? சம்பளத்துடன் கூடிய கற்கை விடுமுறை பெற்றவர், நகரத்திற் பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் வாழ்பவர், வீட்டு வேலையைப் பிறர் ஏற்றுக்கொள்ளும் நிலையில் உள்ளவர். ஏனையோர் 30 அலகு நெறியை நாடுவதில் வியப்பில்லை. அதற்கு 1,500 மணித்தியாலம் போதும், ஆய்வேடும் இல்லை. பதவியுயர்வு நேர்முகப் பரீட்சையில் அதற்கும் புள்ளி உண்டு.

சிக்கல் பின்னரே தோன்றுகிறது. 30 அலகு நெறியை முடித்தவருட் சிலருக்கு உண்மையாகவே ஆய்விற் பற்று ஏற்படுகிறது. பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியை அவர்கள் விரும்பலாம். அப்பதவிப் படிகளுக்கான விதிகளோ இரண்டு கல்வியாண்டுக்குக் குறையாத, ஆய்வேட்டுடன் கூடிய முதுமாணியைக் கோருகின்றன. அவ்வேளையிலேயே தமது பட்டத்தில் ஆய்வு என்ற பகுதி இல்லாமையின் விலையை அவர்கள் அறிகின்றனர். முன்னர் பண்டிதருக்கும் பட்டதாரிக்கும் இடையே ஆங்கிலம் நின்றது. இன்று முதுமாணிக்கும் முதுமாணிக்கும் இடையே ஓய்வுநேரம் நிற்கிறது. முன்னைய தடையைப் பெயரிலேயே காணக்கூடியதாயிருந்தது. இன்றைய தடை ஒரே பெயருள் மறைந்து நிற்பதால் அதனை இனங்காணுதல் கடினம்.

சேர்வுத் தகைமை பற்றியும் ஒரு சொல். சிறப்புப் பட்டதாரி நேரே முதுமாணி நெறிக்குள் அனுமதிக்கப்படுவதும், பொதுப் பட்டதாரியும் வெளிவாரிப் பட்டதாரியும் தகுதிகாண் தேர்வொன்றைக் கடந்து வரவேண்டியிருந்ததும் எமது பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் நிலவிய நடைமுறை. இதற்கான கல்விசார் நியாயம் வெளிப்படை. ஒரே துறையில் ஆழ்ந்து பயின்று, இறுதியாண்டில் ஆய்வுக் கட்டுரையும் எழுதியவருக்கும், மூன்று பாடங்களை மேலோட்டமாகக் கற்றவருக்கும் ஆயத்தநிலை வேறு. எனினும் யார் பொதுப் பட்டதாரி ஆகின்றனர் என்பதையும் நோக்கவேண்டும். வேலைசெய்துகொண்டே வெளிவாரியாகப் பயின்றோரும், குடும்ப நிலையாற் சிறப்புக் கற்கையின் மேலதிக ஆண்டைத் துறந்தோரும் அவர்களுட் பலராவர். தகுதிகாண் தேர்வை அவர்கள் மீதான தண்டனையாக அன்றி, விடுபட்ட பயிற்சியை வழங்கும் ஆண்டாக அமைத்த துறைகளில் அது நற்பயனளித்துள்ளது. பாடத்திட்டமும் வகுப்பும் இன்றிப் பரீட்சை மட்டும் வைத்த இடங்களிலோ அது வெறும் வடிகட்டியாயிற்று.

இனி ஆய்வேடு. இப்பட்டத்தின் தேவைப்பாடுகளுள் மாணவர் மிகவும் அஞ்சுவதும் மிகவும் தவறாக விளங்கிக்கொள்வதும் இதுவே. பக்கங்களின் எண்ணிக்கை, அத்தியாயங்களின் ஒழுங்கு, கட்டமைப்பின் நிறம் ஆகியவை பற்றிக் கேட்கப்படும் வினாக்கள் ஏராளம். வினா எது என்று கேட்போர் சிலரே. முதுமாணி ஆய்வேடு புதிய கோட்பாடொன்றை நிறுவவேண்டியதில்லை; அது கலாநிதிப் பட்டத்திடம் எதிர்பார்க்கப்படுவது. எல்லைகுறுகிய வினாவொன்றை எழுப்பி, அதற்குரிய மூலங்களைத் தாமே தேடி, முன்னோர் கூறியவற்றை மதிப்பிட்டு, தாம் கண்ட முடிபுக்கு எவ்வாறு வந்தோமென்பதைப் பிறர் சரிபார்க்கக்கூடியவாறு எழுதுதலே அதன் கடமை. எல்லைகுறுகிய என்ற சொல்லை நாம் அழுத்திக் கூற விரும்புகிறோம். ‘ஈழத்துத் தமிழ்க் கவிதை வளர்ச்சி’ என்பது நூல்நிலையம் ஒன்றின் பெயராகலாம். முதுமாணி ஆய்வேட்டின் தலைப்பாகாது.

குறுகிய வினா சிறிய வினாவன்று என்பதற்குத் தீவுப்பகுதியிலேயே சான்றுண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கா. இந்திரபாலா 1963இல் அதனைப் பதிப்பித்து ஆராய்ந்தார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வரவேண்டுமென்றும், யானை, குதிரை ஏற்றிவரும் கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும் உரியதென்றும், வேறு வணிகப்பொருள் ஏற்றிய கலமாயிற் செம்பாதி பண்டாரத்துக்கு உரியதென்றும் அது விதிக்கிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. ஒரேயொரு கல். அதன் எழுத்தமைதி, மொழி, அது குறிப்பிடும் துறைமுகம், சிங்கள மன்னனொருவன் தமிழிற் சாசனம் பொறித்தமைக்கான காரணம், யானைக்கும் பிற சரக்குக்கும் வேறு விகிதம் வகுத்தமையின் பொருளியல் நோக்கம் என அதிலிருந்து கிளைக்கும் வினாக்கள் எத்தனை! மூலமொன்றை அருகிலிருந்து நோக்கப் பழகியவருக்கு வினாவுக்குப் பஞ்சமில்லை.

மேற்பார்வையாளரைப் பற்றியும் கூறவேண்டும். விதிகள் அவரது தகைமையைக் குறிப்பிடுகின்றன. அவர் மாணவருக்கு ஒதுக்கவேண்டிய நேரத்தை அவ்வளவு தெளிவாகக் குறிப்பிடுவதில்லை. ஒரே பேராசிரியரின் கீழ்ப் பெருந்தொகையான மாணவர் பதிவாகும்போது மேற்பார்வை கையொப்பமாகச் சுருங்குகிறது. அதன் விளைவை வாய்மொழித் தேர்வில் மாணவரே அனுபவிக்கிறார். பிறர் எழுதியதைக் குறிப்பின்றி எடுத்தாளுதல் இன்று கணினி மென்பொருள்களாற் கண்டறியப்படுகிறதாயினும், தமிழில் எழுதப்பட்ட ஏடுகளிற் பல இன்னும் அச்சுத்தாளிலேயே உள்ளமையால் அவற்றிலிருந்து பிரதிசெய்வோர் தப்பிவிடுதல் எளிது. மென்பொருள் அறியாததைத் துறையறிந்த பரீட்சகர் அறியவேண்டும். மேற்பார்வையாளருக்கு முதல் வரைவிலேயே அதனைக் காணுமளவுக்கு நேரம் இருத்தல் வேண்டும்.

மொழி பற்றிய நிலை முன்னையிலும் மேம்பட்டதே. தமிழ்க் கல்வெட்டுகளின் மொழி குறித்து க. கணபதிப்பிள்ளை இலண்டனில் நிகழ்த்திய ஆய்வும், வீரநிலைக் கவிதை குறித்து க. கைலாசபதி பேர்மிங்ஹாமில் நிகழ்த்திய ஆய்வும், நாம் மேலே கூறிய தனிநாயகம் அடிகளின் ஆய்வும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. தமிழ் பற்றிய ஆய்வு தமிழிற் செய்யப்பட முடியாதென்ற எண்ணம் அக்காலத்தில் இயல்பானதாகக் கொள்ளப்பட்டது. 1960 தொடக்கம் கலைத்துறையில் தமிழ் பயிற்றுமொழியாகியதும், 1974இல் யாழ்ப்பாண வளாகம் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு தொடங்கி, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகியதும் அவ்வெண்ணத்தை மாற்றின. எனினும் ஆங்கிலத்தில் வாசிக்கும் ஆற்றலின்றி இன்றும் எந்தத் துறையிலும் ஆய்வு செய்தல் அரிது. தமிழில் எழுதலாம் என்ற உரிமை ஆங்கிலத்தில் வாசியாதிருக்கலாம் என்ற சலுகையாக விளங்கிக்கொள்ளப்படுவது ஆபத்தானது. தீவுப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறையை இவ்விடத்தில் நினைவுகூராமல் இருக்க முடியாது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஏற்பட்ட வெறுமை முதுமாணி வகுப்பில் வெளிப்படுகிறது.

நூல்களின் நிலையோ வேறு வகையான துயரம். 1981 மே 31ஆந் திகதி இரவு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்துடன் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1990இல் இராணுவ நடவடிக்கையின்போது வேலணை உட்படத் தீவுப்பகுதி மக்கள் பெருமளவில் வெளியேறினர். வீடுகளிலும் சனசமூக நிலையங்களிலும் இருந்த நூல்கள் அவர்களோடு செல்லவில்லை. 1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. ஆய்வுக்கு வேண்டிய மூலங்களைத் தேடுதல் என்று விதிநூல் ஒரு வரியிற் கூறுவது எமது மாணவருக்கு அவ்வளவு எளிதாயிருந்ததில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் முயற்சியால் ஈழத்து நூல்களும் இதழ்களும் பெருந்தொகையாக இணையத்திற் கிடைக்கின்றமை இக்குறையை ஓரளவு ஈடுசெய்துள்ளது. வேலணையில் இருந்தவாறே ஒருவர் பழைய சஞ்சிகையொன்றை வாசிக்கலாம் என்பது முப்பதாண்டுகளுக்கு முன் நினைக்கவும் இயலாதது.

அயலிலே நிகழ்ந்த மாற்றமொன்றையும் குறிப்பிட்டுச் செல்வோம். இந்தியாவில் முதுகலைக்கும் கலாநிதிக்கும் இடையே நின்ற எம்.பில். பட்டம் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, 2022ஆம் ஆண்டு விதிகளால் நிறுத்தப்பட்டது. தமிழகத்தின் கல்லூரி ஆசிரியர் பலருக்கும் ஆய்வுப் பயிற்சியின் முதற்களமாக விளங்கியது அப்பட்டமே. இலங்கையில் முதுதத்துவமாணி இன்னும் நிலைத்திருக்கிறது. அதனைக் காப்பாற்றிக்கொள்வது அறிவுடைமை எனக் கருதுகிறோம். எமது மாணவருக்கு ஏணியின் நடுப்படி தேவை.

தேவைப்பாடுகளைத் தளர்த்தவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. முற்போக்கு நிலைநின்று பேசுவோருட் சிலர் தரம் என்ற சொல்லையே மேட்டுக்குடியினரின் கருவியாகக் காண்பதுண்டு. அது தவறு. தளர்ந்த பட்டம் முதலில் ஏமாற்றுவது அதனைப் பெற்ற ஏழை மாணவனையே. வசதியுள்ளவன் வேறிடத்தில் வேறு பட்டம் பெற்றுக்கொள்வான். 15 ஆய்வலகுகளைக் குறையாது வைத்துக்கொண்டு, அவற்றுக்குரிய 1,500 மணித்தியாலத்தை ஆசிரியருக்குக் கிடைக்கச் செய்வதெவ்வாறு என்பதே வினாவாகும். ஆய்வேட்டுக் காலத்தில் ஒரு தவணையேனும் சம்பளத்துடன் விடுமுறை வழங்கலாம். மேற்பார்வையாளர் மாதத்தில் ஒருமுறை ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ மாணவரைச் சந்திக்கலாம். பத்து மாணவர் பண்ணையைக் கடப்பதிலும் ஓராசிரியர் கடப்பது எளிது. 30 அலகு நெறியை முடித்தவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து பதிவு செய்யாது, எஞ்சிய அலகுகளையும் ஆய்வையும் சேர்த்து 10ஆம் மட்டத்தை அடைய வழி வைக்கலாம். சேர்க்கை விளம்பரத்தில் நெறியின் மட்டம் எதுவென்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதற்கு எந்தச் செலவும் இல்லை.

ஆய்வுக்குரிய பொருளைத் தேடி அவ்வாசிரியை தொலைவு செல்லவேண்டியதும் இல்லை. தீவுப்பகுதிப் பாடசாலைகளில் இடப்பெயர்வுகளுக்குத் தப்பிய சேர்வு இடாப்புகளும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் அதிபர் அறை அலுமாரிகளில் இருக்கின்றன. சேர்வு இடாப்பிற் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தந்தையின் பெயர், தொழில், சேர்ந்த வகுப்பு, விலகிய நாள், விலகற் காரணம் ஆகியவை பதியப்பட்டிருக்கும். எந்த ஆண்டிற் பெண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்கு மேலே தொடரத் தொடங்கினர்? எந்தத் தொழில் செய்வோரின் பிள்ளைகள் எந்தக் காலம்வரை அவ்விடாப்பிற் காணப்படவில்லை? தென்னிலங்கையிற் கடை வைத்த தந்தையரின் பிள்ளைகள் எப்போது விலகிச் சென்றனர்? 1990ஆம் ஆண்டு ஆவணி மாதத்தின் பின் எத்தனை பெயர்களுக்கு எதிரே விலகற் காரணம் எழுதப்படாமலே விடப்பட்டுள்ளது? இவற்றுள் ஒரு வினாவே ஒரு முதுமாணி ஆய்வேட்டுக்குப் போதுமானது. தாள்கள் மஞ்சளித்து விளிம்பு உதிரும் நிலையிலிருப்பதால் அதனைத் தொடங்குவோர் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுதல் நன்று.